வல்லாளனுக்கு ஒரு மகன் இருந்தான்

திருவண்ணாமலைக்கு ஆண்டுதோறும் ஒரு சாவுச் செய்தி வந்து சேர்கிறது. தைப்பூசத்தன்று அண்ணாமலையார் ஈசானியக் குளத்தில் தீர்த்தவாரி முடித்துக் கோயிலுக்குத் திரும்பும்போது, வல்லாள மகாராஜா போரில் மாண்டுபோன சேதியை அவருக்குச் சொல்வார்கள். அத்தோடு மேளம் நின்றுவிடும். கொட்டுமுழக்கோடு போனவர் ஓசையில்லாமல் திரும்புவார். ஒரு மாதம் கழித்து மாசிமகத்தன்று, பள்ளிகொண்டாப்பட்டு ஊரருகே கௌதம நதிக்கரையில் எழுந்தருளி, மகன் முறையில் அந்த மன்னனுக்குத் திதி கொடுப்பார். பிறகு கோயிலில் அவருக்குப் பட்டாபிஷேகம். தகப்பன் போனபின் மகனுக்கு முடி. முறை பிசகாமல் நடக்கிறது.

காரணத்தை ஊரில் எவரும் சொல்வார்கள். வல்லாளனுக்குப் பிள்ளை இல்லை, அதனால் சாமியே பிள்ளையானார்.

கல்வெட்டுகளைப் புரட்டினால் கதை அப்படி இல்லை. வல்லாளனுக்கு மகன் இருந்தான். விருபாக்ஷன் என்று பெயர். தகப்பன் இறந்த மறு ஆண்டே அவன் முடிசூட்டிக்கொண்டான். அப்படியானால் இந்த மகன் திருவண்ணாமலையின் நினைவிலிருந்து எப்படிக் காணாமல் போனான்? சிற்றூர்ப் பின்னணியில் எழுதப்படும் மர்ம நாவல்களில் முதலில் பிணம் கிடைக்கும். அதைப் பிடித்துக்கொண்டு குடும்பத்து ரகசியம் ஒவ்வொன்றாக மேலே வரும். இங்கே தொடக்கத்திலேயே ஒரு சிக்கல். பிணமே ஊருக்கு வந்து சேரவில்லை. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் கதை. அதற்கு நம் கையில் உள்ள விரிவான எழுத்து வடிவம் சைவ எல்லப்ப நாவலர் பாடிய அருணாசலப் புராணம். அவர் காலத்தைப் பொதுவாக 16, 17ஆம் நூற்றாண்டுகளில் வைப்பார்கள். அந்நூலில் வல்லாளனுக்கென்றே ஒரு சருக்கம், அதாவது தனி உட்பிரிவு, இருக்கிறது. மன்னனுக்கு மல்லமாதேவி, சல்லமாதேவி என்று இரண்டு தேவியர். பிள்ளையில்லை. கேட்டவர்க்கு இல்லை என்று சொன்னதில்லை என்ற பெயர் மட்டும் உண்டு. அந்தப் பெயரைச் சோதிக்கச் சிவன் ஜங்கமராக, ஊர் ஊராகத் திரியும் சைவத் துறவியாக, வருகிறார். இரவுக்கு ஒரு கணிகை வேண்டும் என்று கேட்கிறார். ஊரிலுள்ள கணிகையர் வீடுகளிலெல்லாம் சிவனுடைய ஆட்கள் முன்பே போய் அமர்ந்துவிட்டதால் ஒருத்தியும் கிடைக்கவில்லை. சொன்ன சொல்லைக் காக்க மன்னன் தன் இளைய தேவியையே அனுப்புகிறான். சல்லமாதேவி தொட்டதும் துறவி கைக்குழந்தை ஆகிறார். மன்னன் வாரி எடுக்கிறான். குழந்தை மறைந்துவிடுகிறது. பின்பு இறைவன் காட்சி தந்து, மகனாக இருந்து உன் இறுதிக் கடன்களை நானே செய்வேன் என்று வாக்களிக்கிறார்.

புராணத்தைத் தள்ளிவைத்துவிட்டு வரலாற்றை மட்டும் எடுத்துக்கொள்வோம் என்று ஆய்வாளர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. இந்த வழக்கில் அது உதவாது. புராணம் எதை மாற்றியது என்பதே இங்கு தடயம். எனவே புராணம் தரும் குறிப்புகளை மட்டும் பட்டியலில் வைத்துக்கொள்ளலாம்: பிள்ளையில்லாமை, இரு தேவியர், மகனாகிய இறைவன். இவற்றில் கல்லோடு ஒத்துப்போவது எது?

முதல் வேலை, ஆளை அடையாளம் காண்பது. துவாரசமுத்திரத்தை (இன்றைய ஹளேபீடு) தலைநகராகக் கொண்ட ஹொய்சளர்களில், விருபாக்ஷனை விட்டுவிட்டால், வல்லாளன் என்ற பெயரில் மூன்று அரசர்கள் உண்டு. இரண்டாம் வல்லாளனுக்கும் தமிழ்நாட்டு அரசியலில் பெரிய பங்கு இருந்தது. சோழருக்கு ஆதரவாகப் படை அனுப்பியவர் அவர். ஆனால் திருவண்ணாமலையிலேயே இருந்து ஆண்டவர் என்றால் மூன்றாம் வல்லாளன் ஒருவர்தான். 1292இல் பட்டத்துக்கு வந்தவர். அவருடைய பிற்காலக் கன்னடக் கல்வெட்டுகள் சில, அரசர் உண்ணாமலெப் பட்டணத்திலிருந்து, அதாவது திருவண்ணாமலையிலிருந்து, ஆண்டுகொண்டிருந்தபோது எழுதப்பட்டவை என்று தொடங்குகின்றன. 1328ஆம் ஆண்டளவில் இந்தக் குறிப்பு வருகிறது. முந்தைய ஆண்டு, 1327இல், முகமது பின் துக்ளக்கின் படை துவாரசமுத்திரத்தை அழித்திருந்தது. அரசர் வீட்டை இழந்து தெற்கே வந்திருக்கிறார். காலம் பொருந்துகிறது.

இந்தக் கல்வெட்டுகளைப் படியெடுத்து அச்சேற்றியவர் மைசூர் சமஸ்தானத்தின் தொல்லியல் ஆய்வு இயக்குநராக இருந்த பி. லூயிஸ் ரைஸ். கடூர் மாவட்டத் தொகுதி 1901இலும், ஷிமோகா மாவட்டத்தின் முதல் பகுதி அடுத்த ஆண்டும் வந்தன. எபிகிராபியா கர்னாடிகா என்ற அந்த வரிசையின் கனத்த தொகுதிகளைத் தமிழ்நாட்டு வரலாற்றுக்காகத் திறப்பவர்கள் குறைவு. மொழி வேறு, மாநிலம் வேறு என்று ஒதுக்கிவிடுகிறோம். திருவண்ணாமலையின் 14ஆம் நூற்றாண்டு பாதி அங்கேதான் கிடக்கிறது.

ஒரு தயக்கத்தையும் இங்கே பதிவுசெய்ய வேண்டும். அரசர் ஓர் ஊரிலிருந்து ஆண்டார் என்று கல்வெட்டு சொன்னால் அந்த ஊர் தலைநகர் என்று பொருளாகிவிடாது. ஹொய்சளர் கல்வெட்டுகளில் நெலெவீடு என்ற சொல் வரும். அரசர் தங்கி ஆளும் இடம். அது நிலையான அரண்மனையாகவும் இருக்கலாம், போர்க்காலப் பாசறையாகவும் இருக்கலாம். மூன்றாம் வல்லாளனின் கடைசிப் பதினைந்து ஆண்டுகளில் அவர் இருந்த ஊர்கள் மாறிக்கொண்டே இருக்கின்றன. ஆனால் திருவண்ணாமலைக்கு இன்னொரு சான்றும் இருக்கிறது. ராஜகோபுரத்தைக் கடந்து உள்ளே வந்ததும் எதிரே நிற்பது வல்லாள கோபுரம். ராஜகோபுரம் கிருஷ்ணதேவராயர் தொடங்கி நாயக்கர் காலத்தில் முடிந்தது. வல்லாள கோபுரம் அதற்கு ஏறக்குறைய இரண்டு நூற்றாண்டுகள் மூத்தது. போகிற போக்கில் பாசறை அடித்தவர் இப்படி ஒரு கோபுரத்தைக் கட்டுவது அரிது. அவர் இந்த ஊரைத் தன் ஊராக நினைத்தார் என்று கொள்ளலாம்.

ஆள் இவர்தான். இனி மகன்.

1311 பிப்ரவரியில் மாலிக் கபூர் துவாரசமுத்திரத்தின் வாசலுக்கு வந்தபோது மூன்றாம் வல்லாளன் பணிந்தார். யானைகளையும் குதிரைகளையும் செல்வத்தையும் கொடுத்தார். அதன் பிறகு டெல்லிக்குப் போனது யார் என்பதில் சான்றுகள் இரண்டாகப் பிரிகின்றன. 1350இல் தம் பாரசீக வரலாற்றுக் காவியத்தை முடித்த இசாமி, வல்லாளனே டெல்லிக்குப் போய் அலாவுதீன் கில்ஜியிடம் மரியாதை பெற்றுத் திரும்பியதாகச் சொல்கிறார். ஷிமோகா வட்டாரக் கன்னடக் கல்வெட்டு ஒன்று 1313ஆம் ஆண்டு எழுதப்பட்டது. அது சொல்வது, அரசரின் மகன் வீர விருபாக்ஷன் டெல்லியிலிருந்து திரும்பி வந்தான் என்பதை. அந்த மகிழ்ச்சியில் வரிச்சலுகை கொடுத்திருக்கிறார்கள்.

எதை நம்புவது? இசாமி எழுதியது நிகழ்ச்சிக்கு நாற்பது ஆண்டுகளுக்குப் பின், அதுவும் தக்காணத்தில் புதிதாக எழுந்த ஓர் அரசவைக்காக. கல்வெட்டு உடனே வெட்டப்பட்டது. வரி போனது வரி கட்டுகிறவனுக்கு நன்றாகத் தெரியும். இல்லாத வரவுக்காக வரி நீக்கியதாகக் கல்லில் எழுதி வைக்க முடியாது. தகப்பனும் போயிருக்கலாம், அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் மகன் போனதும் திரும்பியதும் உறுதி. பிணையாகப் போனவன் என்றே பெரும்பாலான வரலாற்றாசிரியர்கள் கொள்கிறார்கள். ஆக, வல்லாளன் ஒரு மகனைக் கிட்டத்தட்ட இழந்து, திரும்பப் பெற்றவர். கைக்கு வந்த குழந்தை மறைந்துபோன புராணக் காட்சியை இதனோடு ஒட்டிப் பார்க்க ஆசை வரும். நான் அந்த ஆசைக்கு இடங்கொடுக்கவில்லை. 1313க்கும் அருணாசலப் புராணத்துக்கும் இடையே குறைந்தது இருநூறு ஆண்டுகள். ஷிமோகாவுக்கும் திருவண்ணாமலைக்கும் இடையே ஒரு மொழி எல்லை. நடுவில் கொண்டுவந்து சேர்த்தவர் எவரையும் காட்டாமல் அப்படி ஒரு பாலம் போடக் கூடாது.

அடுத்த கல் 1343ஆம் ஆண்டுக்குரியது. சிக்மகளூர் வட்டாரம். விருபாக்ஷ வல்லாளனின் பட்டாபிஷேகத்தைக் குறிக்கிறது. 1313இல் வந்த பெயரும் இதுவும் ஒன்று. அரச குடும்பங்களில் பெயர்கள் திரும்பத் திரும்ப வரும் என்பதால் இருவரும் ஒருவர்தானா என்று கேட்கலாம்தான். டெல்லிக்குப் போனபோது பத்து வயதுச் சிறுவன் என்று வைத்துக்கொண்டாலும் 1343இல் நாற்பதைக் கடந்தவன். எண்பது வயதைக் கடந்து இறந்த தகப்பனுக்கு இந்த வயதில் ஒரு மகன் இருப்பது இயல்பு. கணக்கு இடிக்கவில்லை. இந்தப் பட்டத்து மகனை நான்காம் வல்லாளன் என்று எண்ணுவது வரலாற்று நூல்களில் நிலைபெற்ற வழக்கம்.

இரு தேவியரில் எவர் பெயரேனும் கல்லில் இருக்கிறதா? சிருங்கேரியில் 1346ஆம் ஆண்டளவில் நடந்த கொடை ஒன்றில் மூன்றாம் வல்லாளனின் மூத்த அரசி வருகிறார். பெயரைக் கிக்காயித்தாயி என்று படித்திருக்கிறார்கள். மல்லமாவும் இல்லை, சல்லமாவும் இல்லை. அதே ஆண்டு, அதே சிருங்கேரியில், ஹரிஹரனும் அவர் தம்பிமாரும் வெற்றிக் கொடை அளிக்கிறார்கள். ஹொய்சள அரசியின் கொடையும் விஜயநகரத்து முதல் அரசர்களின் கொடையும் ஒரே மடத்தில் அடுத்தடுத்து நிற்கின்றன. விருபாக்ஷன் அதற்குள் மேடையை விட்டுப் போய்விட்டான். மூன்று ஆண்டுகள் கூட அவன் முடி நிலைக்கவில்லை.

இப்போது சாவுக்கு வருவோம்.

மூன்றாம் வல்லாளனின் மரணத்தைச் சொல்லும் சான்றுகள் இரண்டு. இரண்டும் ஒன்றையொன்று பார்த்ததே இல்லை. அதுதான் அவற்றின் மதிப்பு. ஒன்று, கடூர் வட்டத்துக் கன்னடக் கல்வெட்டு. சிரிசிராபள்ளியில், அதாவது திருச்சிராப்பள்ளியில், துருக்கரோடு பொருது அரசர் மாண்டார் என்கிறது. துருக்கர் என்பது அக்காலத்தில் சுல்தான்களின் படையைக் குறித்த சொல். அது தரும் நாள் 1342 செப்டம்பர் 8 என்று கணக்கிடப்பட்டிருக்கிறது.

மற்றது மொரோக்கோ நாட்டு இபன் பதூதாவின் பயணக் குறிப்பு. அவருக்கும் மதுரைச் சுல்தானுக்கும் உறவு உண்டு. இருவரும் மதுரையில் சுல்தான் ஆட்சியைத் தொடங்கிய ஜலாலுதீன் அஹ்சனின் மகள்களை மணந்தவர்கள்; தமிழில் சொன்னால் சகலைகள். அந்தச் சகலை, கியாசுதீன் தாமகானி, தம் வெற்றியைப் பற்றிச் சொல்லிக்கொண்டதும் படையில் பேசிக்கொண்டதும்தான் இபன் பதூதாவின் போர் விவரணைக்கு மூலம். அவர் களத்தில் இல்லை. எனவே ஆறாயிரம் பேர் ஒரு லட்சம் பேரை விரட்டினார்கள் என்ற எண்ணிக்கையை அப்படியே விழுங்க வேண்டியதில்லை. ஆனால் தம் தரப்புக்குப் பெருமை சேர்க்காத ஒன்றையும் அவர் மறைக்கவில்லை: வல்லாளனின் படையில் முஸ்லிம்கள் சுமார் இருபதாயிரம் பேர் இருந்தார்களாம். இந்தப் போரை மதப் போராக மட்டும் படிக்கிறவர்கள் அந்த வரியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

அவர் சொல்வதன் சாரம் இது. வல்லாளன் மதுரைச் சுல்தானின் கோட்டை ஒன்றைப் பல மாதங்கள் முற்றுகையிட்டிருந்தார். அந்த ஊர் சமயபுரத்தை ஒட்டிய கண்ணனூர்க் கொப்பம் என்று அடையாளம் காணப்பட்டிருக்கிறது. அதுவும் ஹொய்சளர்களுக்குப் புதிய இடமல்ல. ஒரு நூற்றாண்டுக்கு முன் வீர சோமேசுவரன் இருந்து ஆண்ட ஊர். அவர் எடுத்த பொய்சளேசுவரம் இன்று போஜீசுவரன் கோயில் என்ற பெயரில் நிற்கிறது. வல்லாளன் மீட்கப் போனது பாட்டன் வீட்டை.

கோட்டைக்குள் பதினான்கு நாளைக்குத்தான் உணவு மிஞ்சியது. சரணடைந்தால் உயிருக்கு உத்தரவாதம் என்றார் வல்லாளன். சுல்தானைக் கேட்டுச் சொல்கிறோம், பதினான்கு நாள் தவணை கொடுங்கள் என்றார்கள். கொடுத்தார். கடிதம் மதுரைக்குப் போனது. வெள்ளிக்கிழமைத் தொழுகையில் மக்கள் கேட்க வாசிக்கப்பட்டது. சாவதற்குத் துணிந்தவர்கள் தலைப்பாகையைக் கழற்றிக் குதிரைக் கழுத்தில் கட்டிக்கொண்டு புறப்பட்டார்கள். வல்லாளனின் படை மத்தியான உறக்கத்தில் இருந்தது. குதிரைகள் மேய்ச்சலுக்குப் போயிருந்தன. வந்தவர்களைக் கொள்ளைக்காரர்கள் என்று நினைத்து ஒழுங்கில்லாமல் எதிர்த்துச் சிதறினார்கள். எண்பது வயதைக் கடந்த அரசர் குதிரையேற முயன்றபோது சுல்தானின் அண்ணன் தம்பி வழி மகன் நாசிருதீன் அவரைப் பிடித்தான். ஆள் தெரியாமல் வெட்டப் போனவனை அடிமை ஒருவன் தடுத்து, இவர்தான் அரசர் என்று சொன்னான்.

பிறகு நடந்ததுதான் கடூர்க் கல்வெட்டில் இல்லாதது. சுல்தான் சிறைப்பட்டவரை மரியாதையாக நடத்துவதுபோல் நடத்தி, விடுவிப்பதாகச் சொல்லி, செல்வத்தையும் யானை குதிரைகளையும் கறந்துகொண்டார். எல்லாம் தீர்ந்ததும் கொன்று, தோலை உரித்து, வைக்கோல் அடைத்து மதுரைக் கோட்டை மதிலில் தொங்கவிட்டார். போரைக் கேட்டு எழுதிய இபன் பதூதா இதை மட்டும் கண்ணால் கண்டதாக எழுதுகிறார். அவர் சாட்சியத்தில் மிக வலுவான இடம் இதுவே.

இரண்டு சான்றுகளும் இடத்தில் ஒத்துப்போகின்றன. திருச்சிராப்பள்ளிக்கும் கண்ணனூருக்கும் நடுவே காவிரியும் கொள்ளிடமும்தான். சாகும் முறையில் முரண்படுகின்றன. ஒன்று போர்க்களத்தில் மாண்டார் என்கிறது. மற்றது சிறையில் கொல்லப்பட்டார் என்கிறது. நாட்டுக்குப் போய்ச் சேர்ந்த முதல் செய்தி, அரசர் போரில் விழுந்தார் என்பதாக இருந்திருக்கும். அதுவே கல்லில் ஏறியது. உண்மை தெரிந்த பின்பும் மதிலில் தொங்கியதை எழுதி வைக்க எந்தக் குடிமகனுக்கும் கை வந்திருக்காது. திருவண்ணாமலைச் சடங்கிலும் அரசர் போரில் மாண்டார் என்றுதான் சேதி சொல்கிறார்கள். மதுரை மதில் இரண்டு இடத்திலும் இல்லை.

இங்கே நாள் கணக்கு ஒன்றைப் பார்த்தாக வேண்டும். 1342 செப்டம்பர் 8, சித்திரபானு ஆண்டு, புரட்டாசியின் முற்பகுதி. ஊரில் சாவுச் செய்தி வருவது தைப்பூசம். நான்கு மாத இடைவெளி. சிறைப்பட்ட நாள் புரட்டாசி, கொலையுண்ட நாள் தை, இடைப்பட்ட காலம் பேரம் பேசிச் செல்வம் கறந்த காலம் என்று பொருத்திவிட்டால் கல்வெட்டும் பயணக் குறிப்பும் சடங்கும் ஒரே கோட்டில் வந்துவிடும். இதைவிட அழகான முடிவு கிடைக்காது. அழகாக இருப்பதாலேயே சந்தேகப்பட வேண்டும். தைப்பூசமும் மாசிமகமும் தமிழ்நாட்டுச் சிவன் கோயில்கள் பலவற்றில் தீர்த்தவாரி நாள்கள். சாமி நீர்நிலைக்குப் போகும் நாளாக அவை வல்லாளனுக்கு முன்பே இருந்தவை. நீத்தாருக்கு நீர்க்கடன் செய்யச் சாமி ஆற்றுக்குப் போக வேண்டும். ஏற்கெனவே ஆற்றுக்குப் போகும் நாளோடு அதைச் சேர்த்துவிடுவதுதான் கோயில் நடைமுறை. ஒரு பௌர்ணமிக்கும் அடுத்த பௌர்ணமிக்கும் இடையே வரும் ஒரு மாதம் ஈமக்கடனுக்கும் தோதாக அமைந்தது. நாளை வைத்து மரணத் தேதியைக் கண்டுபிடிக்க முடியாது.

சரி, பிள்ளையில்லாமை எங்கிருந்து வந்தது? கல்லில் தேடி அலுத்த பிறகு பிற கோயில்களைப் பார்க்கத் தோன்றியது. கும்பகோணத்தில் சாரங்கபாணிப் பெருமாள், தமக்குக் கோபுரம் எழுப்பிய லட்சுமி நாராயணசாமி என்ற அடியாருக்கு ஆண்டுதோறும் சிராத்தம் செய்கிறார்; அடியாருக்குப் பிள்ளையில்லை என்பது கதை. செங்கற்பட்டை அடுத்த நென்மேலியில் யக்ஞநாராயண சர்மாவும் அவர் மனைவியும் பிள்ளையில்லாதவர்கள். வசூலித்த பணத்தைக் கோயிலுக்குச் செலவிட்டு உயிரை விட்டவர்கள். அவர்களுக்கும் பெருமாளே சிராத்தம் செய்கிறார். சைவம், வைணவம் என்ற வேறுபாடு இதற்கு இல்லை. மூன்றிலும் அச்சு ஒன்று: கோயிலுக்குப் பொருளைக் கொட்டிய ஒருவர், பிள்ளையில்லாமை, மகனாகும் தெய்வம்.

இதைப் பார்த்த பிறகு விருபாக்ஷனின் மறைவு எனக்கு விளங்கத் தொடங்கியது. சாமி மகனாக வேண்டுமானால் மகனுடைய இடம் காலியாக இருக்க வேண்டும். நாற்பது வயதில் ஒரு மகன் உயிரோடு இருந்து, கன்னட நாட்டில் முடியும் சூட்டிக்கொண்டான் என்றால் அண்ணாமலையாருக்குத் திதி கொடுக்க உரிமை ஏது? யாரும் சதி செய்து அவன் பெயரை நீக்கியிருக்க வேண்டியதில்லை. கதையின் அச்சில் அவனுக்கு இடமில்லை.

ஆனால் அச்சு மட்டும் எல்லாவற்றையும் விளக்கிவிடாது. கோபுரம் கட்டிய அரசர்கள் திருவண்ணாமலைக்குப் பலர். கிருஷ்ணதேவராயர் ஆயிரங்கால் மண்டபமும் குளமும் ராஜகோபுரமும் எடுத்ததை 1516ஆம் ஆண்டுக் கல்வெட்டு சொல்கிறது. அவருக்குச் சாமி திதி கொடுப்பதில்லை. அவருடைய மகன் சிறுவயதில் இறந்துபோனான். பிள்ளைத் துயரம் அவருக்கும் உண்டு. இருந்தும் அச்சு அவரைத் தேடிப் போகவில்லை. வல்லாளனை ஏன் பிடித்தது?

என் ஊகம் இது. பிள்ளையில்லாதவர் என்பது கதை. கடன் கழிக்கப்படாதவர் என்பது உண்மை. மதுரை மதிலில் தொங்கியவருக்குக் கொள்ளி வைத்தவர் யார்? உடலே இல்லாதபோது மகன் இருந்தென்ன? விருபாக்ஷன் வடமேற்கே, சுல்தானின் படையும் சிதறிய தன் படையும் நடுவில். திருவண்ணாமலைக்கு அவன் திரும்பி வந்து ஆண்டதற்கு அடையாளம் ஏதும் எஞ்சவில்லை. இப்பகுதியில் அடுத்து ஓங்கி நிற்பது படைவீட்டுச் சம்புவராயர் கை. ஊரின் கண்ணில், அரசர் போனார், அவருக்கு உரிய சடங்கு நடக்கவில்லை, அவர் நாற்காலியில் வந்து உட்கார மகனும் வரவில்லை. இந்த மூன்றும் சேர்ந்தால் அந்த ஊருக்கு அவர் பிள்ளையில்லாதவர்தான். திதியோடு நிற்காமல் அண்ணாமலையாருக்குப் பட்டாபிஷேகமும் நடப்பது இதனால்தான் முக்கியம் என்று நினைக்கிறேன். கும்பகோணத்திலும் நென்மேலியிலும் சாமி சிராத்தத்தோடு முடித்துக்கொள்கிறார். இங்கே மட்டும் மகன் அரசனாகவும் ஆகிறார். 1343இல் கன்னட நாட்டில் ஒரு முடிசூட்டு நடந்தது. திருவண்ணாமலை தனக்கென்று வேறொரு வாரிசை வைத்துக்கொண்டது.

மகனை இழந்த கதை இந்த வழக்கில் வேறோர் இடத்தில் உண்மையாகவே இருக்கிறது. வல்லாளனை வென்ற கியாசுதீன் மதுரைக்குத் திரும்பியபோது ஊரில் கொள்ளைநோய். கண்டவர்கள் மறுநாளோ மூன்றாம் நாளோ செத்துக்கொண்டிருந்தார்கள். தாயும் மனைவியும் மகனும் படுத்திருந்தார்கள். சுல்தான் மூன்று நாள் இருந்துவிட்டு ஊருக்கு வெளியே ஆற்றங்கரைக்குப் போய்விட்டார். இபன் பதூதா அங்கே போய்ச் சேர்ந்த வியாழக்கிழமை மகன் இறந்தான். வேறு மகன் இல்லை என்று அவரே குறிப்பிடுகிறார். அடுத்த வியாழக்கிழமை தாய். மூன்றாம் வியாழக்கிழமை சுல்தான். அரியணை யாருக்குப் போனது என்றால், களத்தில் வல்லாளனைப் பிடித்த அதே நாசிருதீனுக்கு. அவன் சுல்தானின் மருமகனைக் கொன்று, விதவையான மகளைத் தானே மணந்துகொண்டான்.

என் ஊகம் உடைய வேண்டுமானால் எங்கே உடையும் என்பதையும் சொல்லிவிடலாம். பிரெஞ்சு ஆய்வு நிறுவனங்கள் திருவண்ணாமலையைப் பற்றி ஐந்து பகுதிகள் கொண்ட ஆய்வு வரிசையை வெளியிட்டிருக்கின்றன. பி.ஆர். சீனிவாசன் பதிப்பித்த கல்வெட்டுகள் அதன் முதல் பகுதி. பிரான்சுவாஸ் லெர்னோவும் மரீ-லூயிஸ் ரெய்னிஷும் சடங்குகளையும் விழாக்களையும் மூன்றாம் பகுதியில் பதிவு செய்தார்கள். இரண்டையும் அருகருகே வைத்து, தைப்பூசத் தீர்த்தவாரிக்கும் மாசிமகத்துக்கும் விடப்பட்ட நிலக்கொடைகளைக் காலவரிசையில் அடுக்க வேண்டும். வல்லாளன் உயிரோடிருந்த காலத்திலேயே மாசிமகத்தன்று கௌதம நதிக்குச் சாமி போனதாக ஒரு கல் சொல்லுமானால், சடங்கு பழைய நாளின் மேல் ஏற்றப்பட்டது என்பது உறுதியாகும். சம்புவராயர் காலத்துக் கல்லில் மன்னனுக்காக என்று ஒரு கொடை வருமானால், ஊர் தன் வாரிசை எப்போது தேர்ந்தெடுத்தது என்பது இருபது ஆண்டு வட்டத்துக்குள் வந்துவிடும். அருணாசலப் புராணத்துக்குப் பிந்தைய ஆவணங்களில் மட்டும் அது தென்பட்டால், எல்லப்ப நாவலரின் பாட்டே சடங்கைப் பெற்றெடுத்தது என்று ஒப்புக்கொண்டு, மேலே எழுதியதில் பாதியை அடிக்க வேண்டியிருக்கும்.